வாழைத்தாரும் பாராசூட்டும்

செட்டிபாளையம் ரோட்டில் போத்தனூரை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு வாழைத்தார். பச்சைக் காய், பழுக்க இன்னும் பல நாள் ஆகும். வலது கையில் மஞ்சள் பை. அதற்குள் தேங்காய்கள், மடிப்புக் கலையாத ஒரு கரை வேட்டி, மூடி இறுக்கிய தூக்குப்போசி நிறையப் பாயசம். நடக்கும்போது பாயசம் போசிக்குள் சளக் சளக் என்றது.

மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண் அயரும் நேரம். ரோட்டோரம் பெட்டிக்கடை வைத்திருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, எந்த ஊட்டு விசேஷமுங்க?"

"மில்லுல மெஷின் பூஜைங்க."

"நீங்க பூசாரிங்களா?"

"இல்லீங். அங்க வேலை பாக்கறேனுங்க."

சொல்லிவிட்டு நாலு எட்டு வைத்த பிறகு, சொன்னது பொய்யோ என்று சந்தேகம் வந்தது. திரும்பிப் போய் "வேலை பாத்தேனுங்க" என்று திருத்திச் சொல்லலாம் என்றால், அதுவும் பொய்யாக இருக்கக்கூடும்.

அன்று என் நிலைமை இதுதான். அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா, இல்லை நிஜமாகவே ஓய்வெடுத்துவிட்டு வரச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியவில்லை. போத்தனூரில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு இடம் பிடித்துத் தங்கலாமா, அல்லது காந்திபுரம் போய் வேறு பிழைப்புப் பார்ப்பதா என்பது அந்த ஒரு பதிலில்தான் இருந்தது. யாரிடமாவது கேட்கலாம் என்றால், கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் மனிதரை நான் பார்த்ததில்லை.

அதனால் வாழைத்தாரை அந்தத் தோளிலிருந்து இந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன்.

செக்காரருக்கு ஆள்

அந்த மில்லுக்கு நான் போனதே ஒரு தற்செயல். அதற்கு முன்பு திருச்செங்கோட்டு போர்வெல் லாரி ஒன்றில் மத்தியப் பிரதேசம் முழுக்கச் சுற்றினேன். பகலில் துளை போடுவது, இரவில் லாரிக்கு அடியில் படுப்பது. ஒரு குழாய் நழுவி இடது கைப் பெருவிரல் நகத்தைக் கொண்டுபோனதும் இறங்கிவிட்டேன். நகம் பிறகு முளைத்தது, கொஞ்சம் கோணலாக.

போத்தனூர் ரயில்வே ஸ்டேஷன் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து பெஞ்சில் நடராஜண்ணன் உட்கார்ந்திருந்தார். கழிவுப் பஞ்சிலிருந்து நூல் ஓட்டும் ஒரு மில்லின் மேனேஜர். பழைய ஓ.இ. நூற்பு மெஷின் ஒன்று செக் நாட்டிலிருந்து கண்டெய்னரில் வந்திருப்பதாகவும், அதைப் பூட்டிக் கொடுக்க அந்த நாட்டு ஆள் ஒருவர் வந்திருப்பதாகவும், அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னார்.

"இங்கிலீஷ் வருங்களா கண்ணு?"

"பாத்துக்கலாங்க."

நான் படித்தது எட்டாவது வரை, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் போர்வெல் லாரியில் இந்தி கற்றுக்கொண்ட வழி எனக்கு நினைவிருந்தது. ஒரு வினைச்சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் போதும். அங்கே 'செய்வது' என்று பொருள்படும் 'கர்னா' ஒன்றை வைத்து ஒரு மாநிலத்தையே கடந்திருக்கிறேன். மற்றச் சொற்களெல்லாம் அதன் பின்னால் தானாக வந்து நின்றன.

செக்காரர் பெயர் பாவெல். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, காதோரம் மட்டும் நரை. முதல் நாள் காலை அவருக்கு ஃபில்டர் காப்பி கொண்டுபோனேன். அவர் அதை மரியாதையாக ஓரம் தள்ளிவிட்டு, கண்ணாடி டம்ளரில் காப்பித்தூளை நேராகக் கொட்டி, அதன்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார். வடிகட்டவில்லை. தூள் அடியில் இறங்கும் வரை கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எட்டிப் பார்த்த சமையல்காரர் வாயில் துண்டை வைத்துக்கொண்டார்.

"தாம் ஸி கஃபே," என்றார் பாவெல்.

எனக்கு நானே காப்பி கொடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். அவர்கள் ஊரில் காப்பி குடிப்பதில்லை, கொடுத்துக்கொள்கிறார்கள். அதில் 'தா' என்பதுதான் கொடுப்பது. நம் ஊரிலும் 'தா' என்றால் அதுதான். ஏழாயிரம் கிலோமீட்டரோ என்னவோ, அந்தத் தூரத்தில் ஒரே ஒரு சொல் நமக்காகக் காத்திருந்தது போல இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.

மூக்குக்குக் கொடுப்பது

பிறகு ஒவ்வொன்றாக வந்தன. பாவெல் பாடம் நடத்தவில்லை. ஏதாவது நடக்கும், அவர் வாயிலிருந்து ஒன்று விழும், நான் எடுத்துக்கொள்வேன். அவருடைய ஓட்டை இங்கிலீஷும் என்னுடைய ஓட்டை இங்கிலீஷும் சேர்ந்தால் ஒரு மாதிரி முழுசாக இருக்கும்.

மதியம் சாப்பிட்டதும் மெஷின் பெட்டிகளுக்கு நடுவே அட்டை விரித்துப் படுப்பார். அதற்குப் பெயர் தனக்கு இருபது கொடுத்துக்கொள்வது. என்ன இருபது என்று கேட்டேன். யோசித்தார். நிமிஷமாக இருக்கலாம், தெரியாது என்றார். அந்த நேரத்தில் அவரைத் தேடி வந்த எலக்ட்ரீஷியன் டேவிட்டிடம், "சார் இருபது குடுத்துக்கிட்டு இருக்காருங்க" என்றேன்.

"யாருக்குங்க?"

"அவருக்கேதானுங்க."

"அப்ப நான் பொறவு வாரேன்," என்று டேவிட் போய்விட்டான். அடுத்த நாளிலிருந்து மில்லில் யார் கண் அசந்தாலும் இருபது கொடுத்துக்கொள்கிறார்கள் என்றே சொன்னார்கள்.

நடராஜண்ணன் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்து. பள்ளிபாளையம் சிக்கன், அதில் கோழியைவிட வரமிளகாய் அதிகம். நடராஜண்ணன் சம்சாரம் பாவெலின் இலையில் அள்ளி அள்ளி வைத்தார். பாவெல் கையை நீட்டி மறித்தார். முதல் இரண்டு தடவை மறிப்பது மரியாதைக்குத்தான் என்பது நம் கணக்கு, அதனால் அந்த அம்மா வைத்துக்கொண்டே இருந்தார். பாவெலின் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. வயிறு நிறைய விருந்து சாப்பிடுவதை அவர்கள் ஊரில் தன் மூக்குக்குக் கொடுத்துக்கொள்வது என்பார்களாம். பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறாராம், அதன் பொருள் அன்றைக்குத்தான் விளங்கியதாம்.

மறுநாள் மில்லில், பதிலுக்கு நான் நம்முடையதைச் சொன்னேன். நாங்கள் காது கொடுத்துக் கேட்போம், முகம் கொடுத்துப் பேசுவோம், கஷ்டத்தில் கை கொடுப்போம், தூக்க முடியாதவனுக்குத் தோள் கொடுப்போம்.

பாவெல் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "நீங்கள் உடம்பைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுக்கிறீர்கள்," என்றார். "நாங்கள் வீட்டுச் சாமான்தான் கொடுப்போம். கூடை, பாராசூட்."

கூடை

கூடை கொடுத்தால், விருப்பம் இல்லை என்று சொல்லி அனுப்பியதாக அர்த்தம். பெண் கேட்டுப் போனவனுக்குப் பெண் கூடை கொடுத்துவிட்டாள் என்பார்கள். அந்தக் காலத்தில் மாடியிலிருந்து பெண்கள் கூடை இறக்கி மாப்பிள்ளையை மேலே இழுப்பார்களாம், பிடிக்காதவனுக்கு அடி ஓட்டையான கூடையை இறக்குவார்களாம். இதைச் சொல்லிவிட்டு பாவெலே சந்தேகமாகத் தலையை ஆட்டினார். ஆனால் தனக்குக் கூடை கிடைத்தது நிஜம் என்றார். எப்போது, யாரிடமிருந்து என்று நான் கேட்கவில்லை. மனிதர் அன்று நட்டுகளை அளவுக்கு மேல் இறுக்கினார்.

எனக்கும் ஒரு பழைய கதை உண்டு. அந்தியூர்க் குதிரைச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் புல் போடும் வேலை பார்த்த காலம். அங்கே மாட்டுக்கும் குதிரைக்கும் பேரம் பேசுவது வாயால் அல்ல. இரண்டு பேரும் கையைச் சேர்த்துப் பிடிப்பார்கள், மேலே ஒரு துண்டைப் போடுவார்கள், உள்ளே விரல்கள் பேசும். வேண்டாம் என்பதும் விரலில்தான். வெளியே இரண்டு முகமும் சிரித்தபடி இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு, யார் யாரை மறுத்தார் என்பது கடைசிவரை தெரியாது. மறுக்கப்பட்டவர் அடுத்த ஆளிடம் தலை நிமிர்ந்து போகலாம். அந்தத் துண்டின் மரியாதை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் எனக்காகப் பெண் கேட்டார்கள். வியாபாரியே போய்க் கேட்டார். பெண் வீட்டில் காப்பி கொடுத்து, முறுக்கு கொடுத்து, வாசல் வரை வந்து, "ரோசனை பண்ணிச் சொல்றோமுங்க" என்றார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் மகன் போன வருஷம் ப்ளஸ் டூ முடித்துவிட்டான்.

பாவெலிடம் இதைச் சொன்னபோது, "அவர்கள் இல்லை என்று சொல்லவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

"இல்லை."

"அப்படியென்றால் நீ இன்னும் காத்திருக்கலாம்."

"பார்க்கலாங்க," என்றேன்.

அது என்ன என்று கேட்டார். நம் ஊரில் ஒருவரை நோகடிக்காமல் மறுக்க வேண்டுமானால் இதைச் சொன்னால் போதும் என்று விளக்கினேன். அவர் பார்க்கலாங்க, பார்க்கலாங்க என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் என்னிடம் கற்றுக்கொண்ட தமிழ் அது ஒன்றுதான்.

ஒரு 'முடியாது' போன வழி

இப்போது பாராசூட். வேலையை விட்டு நிறுத்துவதற்கு அவர்கள் ஊரில் ஒருவனுக்குப் பாராசூட் கொடுப்பது என்று பெயர். பாவெலுக்கு அது கிடைத்திருக்கிறது. இந்த மெஷினைச் செய்த தொழிற்சாலையில்தான் அவர் இளவயதில் வேலை பார்த்தார். எங்கள் மில்லில் பிரித்துக் கிடந்த மெஷினின் ஒரு மூடியைத் திருப்பி, உள்பக்கம் தான் ஆணியால் கீறிய ஒரு கோட்டுச் சித்திரத்தைக் காட்டினார். அது ஒரு வாத்து. பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். ஒருவர் வாசலில் நின்று, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். கை குலுக்கக்கூட இல்லை. அதிலிருந்து பாவெல், தான் செய்த மெஷின்கள் எந்தெந்த நாட்டுக்கு விலை போகின்றனவோ அங்கெல்லாம் போய்ப் பூட்டிக் கொடுக்கிறார். சொல்லும்போது அவர் முகத்தில் எதுவும் இல்லை. வாத்தைத் துணியால் துடைத்து மூடியைத் திருப்பி வைத்தார்.

ஆனால் அவருக்கு மிக அவசியமான சொல் இதெல்லாம் இல்லை. 'தா ஸே', 'நெதா ஸே.' முதலாவது முடியும், இரண்டாவது முடியாது. ஒரு காரியம் தன்னைத் தானே கொடுக்கிறதா, கொடுக்க மறுக்கிறதா என்பது போல. மெஷின் பூட்டுகிறவனுக்கு இந்த இரண்டும் இருந்தால் உலகத்தில் எங்கும் பிழைக்கலாம் என்றார்.

அவர் கோயமுத்தூருக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

மெஷின் பூஜைக்கு முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். முதலாளியின் மாமனார் உடுமலையிலிருந்து வந்து பட்டனை அமுக்குவதாக ஏற்பாடு. அதற்குள் மெஷின் பூட்டியாகிவிட்டது, ஆனால் அசுர வேகத்தில் சுழன்று நூல் முறுக்கும் ரோட்டர்களை ஓட்டும் பெல்ட்டும் அதன் பேரிங்குகளும் வேறொரு கண்டெய்னரில் கொச்சியில் நின்றுகொண்டிருந்தன. கையில் இருக்கும் பழைய பெல்ட்டையும் பேரிங்கையும் போட்டு ஓட்டினால் என்ன என்று நடராஜண்ணன் கேட்டார்.

"நெதா ஸே," என்றார் பாவெல். அந்த வேகத்தில் ரோட்டர் உடைந்து தெறிக்கும், மெஷின் ஓரம் நிற்கும் பெண்கள் மேல் படும் என்று கையால் காட்டினார்.

நான் நடராஜண்ணனிடம் திரும்பி, "கொஞ்சம் சிரமம்னு சொல்றாருங்க," என்றேன்.

நடராஜண்ணன் முதலாளிக்குப் போன் போட்டு, "சின்ன வேலை ஒண்ணு பாக்கி இருக்குதுங்க, பாத்துக்கலாங்க," என்றார்.

முதலாளி மாமனாருக்குப் போன் போட்டு, "எல்லாம் ரெடி மாமா, நீங்க வந்தாப் போதும்," என்றார்.

தினமும் இது நடந்தது. தினமும் பாவெல் முடியாது என்றார், தினமும் சாயங்காலத்துக்குள் அது உடுமலைக்குத் தயார் என்று போய்ச் சேர்ந்தது. வழியில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் மனது நோகாமல் ஒரு சுற்றுத் துணி சுற்றிக் கொடுத்தோம், அவ்வளவுதான்.

பட்டன்

பூஜையன்று மில் வாசலில் குலை தள்ளிய வாழைமரம் இரண்டு கட்டியிருந்தார்கள். உள்ளே சாமி படம், சந்தன மணம், அதற்கு மேல் புதுப் பெயின்ட் வாசம். மெஷினின் நீளத்துக்கு மல்லிகைச் சரம். அதற்குள்ளே, ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பூட்டிவிட்ட பழைய பெல்ட்டும் பேரிங்கும். வேலைக்காரப் பெண்கள் புதுச் சேலையில் மெஷினை ஒட்டி வரிசையாக நின்றார்கள். அவர்கள் இடம் அதுதான்.

மாமனார் வெள்ளை வேட்டியில் பட்டனை நோக்கி நடந்தார். பாவெல் போய் சுவிட்ச் போர்டுக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டார். அவர் நெற்றியில் யாரோ வைத்த குங்குமம் வியர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாருங்க கண்ணு?"

நடுவில் நடராஜண்ணன் இல்லை. அவர் தேங்காய்த் தட்டோடு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். பாவெல் என்னைப் பார்த்து, "தா ஸே, நெதா ஸே. நேராகச் சொல்," என்றார்.

கொஞ்சம் சிரமம்ங்க என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அப்போது மெஷின் ஓரம் நின்ற பெண்களில் ஒருத்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் நூலைப் பிடிக்கத் தயாராகக் கையை உள்ளே நீட்டுவதைப் பார்த்தேன்.

"முடியாதுங்க," என்றேன். "ஓட்டுனா ரோட்டர் செதறிருமுங்க. இந்த அம்மணிங்க மேலதான் படும்."

மணி ஆட்டிக்கொண்டிருந்த ஐயர் நிறுத்திவிட்டார். முதலாளியின் சம்சாரம் கையிலிருந்த ஆரத்தித் தட்டைப் பார்த்தார். மாமனார், நான் செருப்புக் காலோடு சாமி ரூமுக்குள் வந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். முகூர்த்த நேரத்தில், சம்பந்திகள் முன்னால், முடியாது என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெண்கள் மட்டும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

டேவிட்தான் முன்னால் வந்தான். "அஞ்சு நிமிஷம் குடுங்க," என்று சொல்லிவிட்டு, சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் குனிந்து ஒயரை மாற்றினான். பாவெல் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கினார்.

பிறகு மாமனார் பட்டனை அமுக்கினார். கூரையில் இருந்த பெரிய தூசி உறிஞ்சும் ஃபேன் ஊ என்று கிளம்பியது. டியூப்லைட் எல்லாம் எரிந்தன. மேளம் கொட்டியது, எல்லோரும் கை தட்டினார்கள். மெஷினில் ஒரு சக்கரம்கூட அசையவில்லை. மாமனார் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார்.

"ஓட்டம் நல்லா இருக்குதுங்க மாப்ள," என்றார்.

பக்கத்து மில்லில் வாங்கி வைத்திருந்த ஒரு நூல் கோனை முதல் நூல் என்று தட்டில் வைத்து சாமிக்குக் காட்டினார்கள். எல்லாம் நிறைவாக முடிந்தது. யாருக்கும் ஒரு கீறலும் இல்லை. அந்தக் காலையில் அதிகப்படியாகிப் போனது நான் சொன்ன அந்த ஒரு சொல் மட்டும்தான்.

நாற்காலி

சாப்பாடு முடிந்ததும் நடராஜண்ணன் ஆபீசுக்குக் கூப்பிட்டார். உட்காருங்க என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததில்லை.

"ஒடம்பு ரொம்ப எளைச்சுப்போச்சுங்க கண்ணு."

"அப்படியெல்லாம் இல்லீங்."

"இல்லீங்க, எனக்குத் தெரியுது. செக்காரரோட அலைஞ்சு அலைஞ்சு. சித்த ரெஸ்ட் எடுங்க."

"எத்தனை நாளுங்க?"

"அதுக்கென்னங்க கணக்கு. உங்களுக்குத் தோணற வரைக்கும் இருங்க. இது உங்க மில்லு."

"திங்கக்கெழமை வந்தர்றனுங்க."

"பார்க்கலாங்க," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. பாயசம், தேங்காய், வேட்டி. மாதக் கடைசி என்பதால் சம்பளக் கவரும் இருந்தது, ஆகவே அதை வைத்தும் ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை. வாசலில் வாட்ச்மேன் வாழைமரத்திலிருந்து ஒரு தாரை வெட்டி என் தோளில் ஏற்றினார். நடராஜண்ணன் கேட் வரை வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

இப்படி வழியனுப்பினால் யாருக்குத்தான் தெரியும்?

காந்திபுரம்

தங்குவதா போவதா என்று தெரியாமலே, வேண்டுமானால் திங்கட்கிழமை திரும்பிவிடலாம் என்று போத்தனூரில் டவுன் பஸ் ஏறினேன். கண்டக்டர் தாருக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார், பிறகு பாயசத்தை மோந்து பார்த்து, விசேஷச் சாமான் என்று விட்டுவிட்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிய நேரம் பாவெல் போன் செய்தார்.

"எங்கே இருக்கிறாய்? உனக்குப் பாராசூட் கொடுத்துவிட்டார்களா?"

"இல்லை. வேட்டி கொடுத்தார்கள். வாழைத்தார் கொடுத்தார்கள்."

பிறகு சொன்னார். சாயங்காலக் காப்பியை வேறொரு ஆள் கொண்டுவந்தாராம், நடராஜண்ணனின் மச்சானாம். இனிமேல் தான்தான் வருவேன் என்று சொன்னாராம். காப்பியில் பால், சர்க்கரை, நுரை எல்லாம் இருந்ததாம்.

அப்போதுதான் எனக்குப் பதில் கிடைத்தது. அந்தியூர்த் துண்டை எடுத்து உதறியதுபோல இருந்தது. தாரைப் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

"எனக்கு வாசலில் நின்று ஒரு வரியில் சொன்னார்கள்," என்றார் பாவெல். "உனக்குப் பாயசம். எது மேல்?"

"தெரியலை."

"இன்னொன்று. முதலாளி வந்து, மெஷின் நிஜமாக எப்போது ஓடும் என்று கேட்டார். நான் பார்க்கலாங்க என்றேன். எல்லோருக்கும் ரொம்ப சந்தோஷம். என்னைக் கட்டிப்பிடித்தார்கள். பிரியாணி வந்திருக்கிறது."

நான் சிரித்துவிட்டேன். அவர் ஊர்ச் சொல்லைச் சொல்லி எனக்கு வேலை போனது, என் ஊர்ச் சொல்லைச் சொல்லி அவருக்குப் பிரியாணி வந்தது. கொச்சியிலிருந்து பேரிங் வராமல் தொடாதீர்கள் என்றேன். தொட மாட்டேன், அந்தப் பெண்கள் வந்து உன் பெயரைக் கேட்டார்கள், ராசு என்று சொல்லிவைத்திருக்கிறேன் என்றார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின் சந்தில் ஒரு லாட்ஜுக்குப் போனேன். ரிசப்ஷன் நிறையப் பெட்டியும் படுக்கையுமாக ஆட்கள். மறுநாள் பெரிய முகூர்த்த நாளாம். கவுண்டரில் சண்முகம் என்பவர், லாட்ஜின் மேனேஜர், வருகிற ஒவ்வொருவரிடமும், "வாங்க வாங்க, சித்த உக்காருங்க, பார்க்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தாரோடு உட்கார்ந்தேன். ஒரு குழந்தை அழுது, தூங்கி, எழுந்து மறுபடியும் அழுதது. ஒருவருக்கும் சாவி கிடைக்கவில்லை.

எழுந்து போய் கவுண்டரில் கேட்டேன்.

"ஏனுங்க, ரூம் இருக்குதுங்களா?"

"அது வந்துங்க, இப்பத்திக்கு..."

"ஒரு சாவியாச்சும் இருக்குதுங்களா?"

"சாவின்னு பாத்தா இல்லீங்."

"யாராச்சும் காலி பண்றாங்களா?"

"நாளான்னிக்குத்தானுங்க."

திரும்பி நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "ரூம் இல்லீங்க. நாளான்னிக்குத்தான் காலியாகும். வேற எடம் பாத்துக்குங்க."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். பிறகு பெட்டிகள் கிளம்பின. ஒரு பெரியவர் போகிறபோது, "இதை மத்தியானமே சொல்லியிருந்தா என்ற ஊட்டுக்காரிக்குக் காலு வீங்கியிருக்காதுங்க," என்றார். கோபமாக இல்லை, நன்றியாகத்தான் சொன்னார்.

இடம் காலியானதும் சண்முகம் நாற்காலியில் சாய்ந்தார். "என்னால முடியறதே இல்லீங்க கண்ணு," என்றார். "வாய் வரமாட்டேங்குது. பொழுதன்னிக்கும் இப்படித்தான். ராத்திரி படுத்தா அவங்க மூஞ்சியெல்லாம் வருது."

பாயசத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக் குடித்தோம். உபரி மெத்தைகள் அடுக்கியிருந்த மாடிப்படி வளைவில் எனக்கு இடம் கொடுத்தார்.

மறுநாள் காலையில் அந்த லாட்ஜிலேயே வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் ஒரு ஸ்டூல். அதன்மேல் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் ரூம் இல்லை என்று சொல்ல வேண்டும். இன்னொரு வேலையும் உண்டு, சண்முகத்தை வெளியே வரவிடக் கூடாது. அவர் வந்தால் சித்த உக்காருங்க என்று சொல்லிவிடுவார். வாழைத்தாரை என் தலைக்கு மேல் விட்டத்துக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு கல்யாணக் குடும்பம். அப்பாவின் கையில் பெரிய சூட்கேஸ்.

"ரூம் இல்லீங்க," என்றேன்.

"ரொம்ப சந்தோசமுங்க," என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனார்கள்.

உள்ளே கதவு இடுக்கில் சண்முகம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் காப்பியோடு வந்தார். கொஞ்ச நேரம் தாரை அண்ணாந்து பார்த்தார்.

"இது பழுக்கற வரைக்குமாச்சும் இருப்பீங்கல்லங்க கண்ணு?"

"பார்க்கலாங்க," என்றேன்.

அவர் கோயமுத்தூர்க்காரர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, எட்டி, தாரில் ஒரு காயை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார்.